மாலை போட்டவருக்குக் கடன் கொடுக்கும் முன்

செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகக் கடன் கேட்டு வருவார்கள். மாலையைப் பார்த்தவுடன் கணக்கு நோட்டைத் திறந்துவிடாதீர்கள்.

41 நாள் விரதம் எளிதல்ல. விடியற்காலைக் குளியல், புலால் இல்லை, மது இல்லை, தரையில் படுக்கை. அந்த மன உறுதியைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் விரதத்தை ஊரே கவனிக்கிறது; தெருவில் எல்லோரும் ‘சாமி’ என்கிறார்கள்; முடியும் நாளும் முன்பே தெரியும். கடன் அப்படியல்ல. அன்னதானத்துக்கென்று என்னிடம் இரண்டு மூட்டை அரிசி வாங்கியவர், மாலையைக் கழற்றிய பிறகு அடுத்த தெரு வழியாகப் போகத் தொடங்கினார். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

ஆகவே முதலில் பழைய நோட்டைப் புரட்டி, ஆடியிலும் மாசியிலும் அவர் எப்படிக் கொடுத்தார் என்று பாருங்கள். புதியவர் என்றால், அவரை மலைக்கு அழைத்துப் போகும் குருசாமியிடம் கேளுங்கள்: போன யாத்திரையில் பொதுப்பணம் இவர் கையில் இருந்ததா, மீதியைக் கேட்காமலே திருப்பினாரா? இந்த ஒரு கேள்வி போதும். பிறகு ஐந்து கிலோ அரிசியோடு தொடங்குங்கள். தவணையை மாலை கழற்றிய பிறகு வரும் தேதியாக வையுங்கள்.