சாரல் நேரத்தில் வேக்குவம் கிளீனர் இழுக்கவில்லையா?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஜூன், ஜூலைச் சாரலில் பை இல்லாத வேக்குவம் கிளீனர் இழுவை குறைந்தால் உடனே மோட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். ஹோஸைக் கழற்றி, மெஷின் வாயில் ஒரு நொடி உள்ளங்கையை வைத்து ஓட்டிப் பாருங்கள். கையை நன்றாக இழுத்தால் அடைப்பு ஹோஸில் அல்லது பிரஷ்ஷில். இழுக்காவிட்டால் ஃபில்டரில் அல்லது தூசி டப்பாவில்.

இனி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கயிற்று மிதியடியின் தேங்காய் நார் தலைமுடியோடு சுருண்டு ஹோஸ் வளைவில் பந்தாக நிற்கும். கம்பியால் குத்தாதீர்கள், ஹோஸ் கிழிந்து காற்று ஒழுகும். மழுங்கிய குச்சியால் மெல்லத் தள்ளினால் போதும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்பில்லாமல், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். முறுக்காமல் அமுக்கிப் பிழியுங்கள். காய 24 மணி நேரம் வேண்டும். சாரலில் ஃபேனுக்கடியில் 48 மணி நேரம்கூட ஆகும். இங்கேதான் அவசரப்படுகிறோம். ஈரத்தோடு மாட்டினால் நுண்தூசி குழைந்த மாவுபோல அப்பி மறுபடி அடைக்கும், நாற்றமும் வரும், மோட்டாருக்குள் ஈரம் போகும்.

நுண்தூசியைப் பிடிக்கும், மடிப்பு மடிப்பான ஹெப்பா ஃபில்டரைத் தட்டித் தூசியை உதிர்த்தால் மட்டும் போதும். கழுவலாம் என்று அதிலேயே போட்டிருந்தால் ஒழியத் தண்ணீர் காட்டக் கூடாது. டப்பாவுக்குள் இருக்கும் வலைத் துளைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.