படகு கிளப்பை மறுபடி தண்ணீரில் இறக்கினோம்

இரண்டாம் ஆண்டு முடியும் சமயத்தில் எங்கள் கல்லூரித் துடுப்புப் படகு கிளப் என் கைக்கு வந்தது. மிஞ்சியது 4 பேர், 2 படகு. பாளையங்கால்வாய்த் தண்ணீர் வரும் ஒரு குளத்தில்தான் பயிற்சி. சீனியர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்களே தவிர, வேலை எதையும் சொல்லித் தரவில்லை.

முதலில் படகைப் பார்த்தேன். துடுப்பு இழுக்கும்போது சின்னத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட வேண்டிய நகரும் இருக்கை பாதியிலேயே சிக்கியது. எடுத்துக் கவிழ்த்தால், சக்கரங்களில் மணலும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. இலகுவாக ஓடட்டும் என்று யாரோ தண்டவாளத்தில் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மணலைப் பிடித்து வைத்ததே அந்த எண்ணெய்தான். பழைய வேட்டித் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தோம், அவ்வளவுதான். இருக்கை சர்ரென்று ஓடியது. அன்றிலிருந்து படகு கரையேறினால் தண்டவாளத்தைத் துடைத்த பிறகுதான் டீ.

அப்புறம் ஆள். நீச்சல் தெரியாதவரைப் படகில் ஏற்றுவதில்லை என்று கறாராக இருந்தேன். கோடையில் குளம் வற்றும். கிளப் கலைவதும் அப்போதுதான். அதனால் கரையிலேயே துடுப்பிழுத்துப் பழகும் எந்திரமான எர்கோமீட்டரில் பந்தயத் தூரமான 2000 மீட்டரை இழுத்து, அவரவர் நேரத்தைச் சுவரில் எழுதினோம். தன் நேரத்தைக் குறைக்கவே பலர் தினமும் வந்தார்கள். ஐப்பசி மழையில் குளம் பெருகியபோது 11 பேர் இருந்தோம்.

ஜனவரியிலேயே தலைமையை இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவனிடம் கொடுத்தேன். தேர்வு வரை நானும் கூடவே இருந்தேன். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்பது வரை எழுதிய நோட்டு இப்போது மூன்றாவது கைக்கு மாறியிருக்கிறது.