பழைய பிரிட்டிஷ் வாளுக்கு வயது பார்க்கும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் ஓர் இளைஞர் தன் முதல் வாளைக் கொண்டுவந்து காட்டினார். விக்டோரியா காலத்துக் காலாட்படை அதிகாரியின் வாள். தேய்த்த தேய்ப்பில் கண்ணாடி போல மின்னியது. எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். போலிகளைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள், அதை விடுகிறேன்.

அலகைத் தேய்க்காதீர்கள்

வாளின் வயதைச் சொல்வதெல்லாம் அலகின் மேல்தோலில்தான் இருக்கிறது. ஆண்ட அரசர், அரசியின் பெயரெழுத்துகளும் பூவேலையும் அமிலத்தால் பொறித்தவை, ஆழமே கிடையாது. என் முதல் வாள் வில்கின்சன் என்ற லண்டன் வாள் நிறுவனம் செய்தது. ஒரு ஞாயிறு முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துரு போனது. கூடவே அலகின் முதுகில், கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களும் போய்விட்டன.

வில்கின்சன் 1850களின் நடுவிலிருந்து தன் நல்ல வாள்களுக்கு வரிசை எண் போட்டது. அந்தப் பதிவேடுகளில் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. எண் தெரிந்தால் ஆண்டு தெரியும். பல சமயம் வாங்கிய அதிகாரியின் பெயரே கிடைத்துவிடும். என்னிடம் மிஞ்சியது வி.ஆர். (விக்டோரியா அரசி) என்ற எழுத்து மட்டும். விக்டோரியா ஆண்டதோ 1837 முதல் 1901 வரை! அலகின் வடிவம் கொஞ்சம் கைகொடுத்தது. குழாய் போல உருண்ட முதுகுள்ள அலகு 1845இல் பக்கவாட்டில் நீளப் பள்ளம் ஓடும் அலகாக மாறியது; 1892இல் வளைவில்லாத, குத்துவதற்கான அலகு வந்தது. என்னுடையதில் பள்ளமும் லேசான வளைவும் உண்டு. எண் போட்ட காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 40 ஆண்டு இடைவெளி. அதற்கு மேல் நெருங்க வழியே இல்லை. அது யாருடைய வாள் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

மிஷின் ஆயில் தொட்ட பஞ்சு போதும். எண் மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்த இளைஞரின் வாளில் அப்படித்தான் இரண்டு இலக்கங்கள் தெரிந்தன.

கைக்காப்புக்குப் புளி

வேண்டாம். கைப்பிடியில் விரல்களைக் காக்கும் அந்தப் பித்தளை மேல் தங்கமுலாம் மிச்சம் இருக்கலாம்.

அலகில் உள்ள கடைப்பெயர்

செய்தவர் பெயராக இருக்கும் என்று நம்பாதீர்கள். சீருடை தைத்த கடைகளும் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன.

‘1897’ என்பது பிறந்த வருடம் அல்ல

ஒரு வாளை ‘1897 மாதிரி’ என்று சொன்னால், அது அந்த வடிவம் அங்கீகரிக்கப்பட்ட ஆண்டு. சீருடையை அறுக்காதபடி கைக்காப்பின் உள்விளிம்பு மடிக்கப்பட்டது அப்போதுதான். அதே வடிவ வாளை பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகள் இன்றும் அணிவகுப்பில் ஏந்துகிறார்கள். இரண்டாம் எலிசபெத்தின் எழுத்து இருந்தால் அந்த அலகு 1952க்குப் பிந்தியது.