தக்காளிப் புழுவிலிருந்து வரும் குளவியை இனம் பிரிப்பது எப்படி?

பாலக்கோடு பக்கம் தக்காளிக் கொல்லையில் நடக்கும்போது, இலைமேல் செத்துக் கிடக்கும் குட்டிக் காய்ப்புழுவையும் அதை ஒட்டி ஒரு சிறு கூட்டையும் பார்த்திருப்பீர்கள். அது, புழுவுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. தயவுசெய்து நசுக்க வேண்டாம், நமக்கு வேண்டியது அதுதான்.

1. புழுவை வளர்க்கவும். வலையோடு குளவியைத் துரத்துவதைவிட, அது எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அடையாளத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள காய்ப்புழுக்களை எடுத்து, டப்பாவுக்கு ஒன்றாகப் போடவும். சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். தினமும் புது இலை வைத்து, வாயைத் துணியால் கட்டவும்.

2. சிறகை எண்ணவும். இரண்டே சிறகு என்றால் அது ஈ. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஊசி ஈயும் இப்படித்தான் புழுவுக்குள் வளர்கிறது. குளவிக்கு நான்கு சிறகு. பின்சிறகு முன்சிறகோடு சிறு கொக்கிகளால் இணைந்திருப்பதால், ஊசியால் மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

3. நரம்பைப் பார்க்கவும். அவசரப்படக் கூடாத இடம் இது. குளவியை வெள்ளைத் தாளில் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, 10 மடங்கு லென்ஸில் முன்சிறகைப் பாருங்கள். முன்விளிம்பில் ஒரே நரம்பு, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியது என்றால் அது கால்சிட் என்னும் குளவிக் கூட்டம். உணர்கொம்பு நூல் போல நீண்டு, சிறகில் கட்டங்கள் இருந்தால் வெளிப்பாதியின் கீழ்ப்பக்கத்தில் குறுக்கு நரம்பைத் தேடவும். அது இருந்தால் பெரும்பாலும் இக்நியூமோனிட் குடும்பம், இல்லாவிட்டால் பிரக்கானிட் குடும்பம்.

காய்ப்புழுவிலிருந்து வரும் கம்போலெட்டிஸ் குளோரிடியே என்ற குளவி ஓர் இக்நியூமோனிட். இதே பேரினம் கிரீன்லாந்திலும் உண்டு. வடதுருவப் பனிநிலத்து ஒட்டுண்ணிக் குளவிகளில் இந்தக் குடும்பமே மிகுதி. அதனால் வடதுருவப் பக்கத்துக் கையேடுகளைக் குடும்பம் பிரிக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்குள்ள சிற்றினப் பெயரை மட்டும் நம் குளவிக்குச் சூட்டிவிடாதீர்கள்.

4. பாதுகாக்கவும். 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே வைக்கவும். பேனா மை கரைந்துவிடும். ஊர், செடி, புழு, புழு எடுத்த நாள், குளவி வந்த நாள் எல்லாம் அதில் இருக்கட்டும். சிற்றினம் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகத்தைக் கேட்கலாம். அப்போது முதலில் உதவப்போவது அந்தச் சீட்டுதான்.