தட்டிப் பார்த்து இடிக்கும் சுவர்கள்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், முன்னறை போதாது. நடுச்சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகிவிடும். உடனே மேசன் பாஸைக் கூப்பிடுகிறோம். அவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், "இது சும்மா மறைப்புதான்" என்கிறார். அடுத்த நாள் காலையில் சுத்தியல் வந்துவிடும்.

அந்தத் தட்டை நம்புவதுதான் முதல் தவறு. சுவர் எதனால் ஆனது என்பதைச் சத்தம் கொஞ்சம் சொல்லும். தலையில் என்ன சுமக்கிறது என்று சொல்லாது. தடிப்பும் அப்படித்தான். 9 அங்குலச் செங்கல் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்குவது, சரி. அதற்காக நாலரை அங்குலச் சுவர் எதையும் தாங்கவில்லை என்று ஆகிவிடாது. காசு வர வர ஓர் அறை, பிறகு ஒரு குசினி என்று நீட்டிக் கட்டிய வீடுகளில், மெல்லிய சுவரின் மேல்தான் கூரை மரம் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் மேலே. சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது, நீளம் போதாத இரண்டு மரங்களைச் சரியாக நடுச்சுவருக்கு மேலே சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். கீழே நின்று பார்த்தால் வெறும் சுண்ணாம்புச் சுவர். அதை எடுத்திருந்தால் அந்த மூட்டு நாலு ஆணியில் தொங்கியிருக்கும். மாடி வீடென்றால், அதே சுவருக்கு நேர்மேலே இன்னொரு சுவர் போகிறதா, கொங்கிரீட் தட்டு அதன் மேல் படுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தோட்டத்து லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், இருப்பவர்களுக்கு இது தனி வீட்டுக் கணக்கு இல்லை. கூரை ஒன்று, குடும்பம் பல. இரண்டு காம்பராவுக்கு நடுவே நிற்கும் சுவரில்தான் நீளவாட்டு மரங்கள் தங்கும். முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை லயத்தில் நடுவே ஓடும் நீளச்சுவர் முகட்டையே தாங்கலாம். நீங்கள் எடுக்கும் கல்லுக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் தகரம் பதில் சொல்லும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் இல்லாமல் கை வைக்க முடியாது.

அப்புறம், மலையில் மட்டும் வரும் ஒரு தவறு. மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவருக்கு வெளியே பெரும்பாலும் மண் நிற்கும். மழையில் ஊறிய மண் அந்தச் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குச் செங்குத்தாக வந்து சேரும் உள்சுவர், தோள் கொடுத்து நிற்கிற ஆள் மாதிரி. கூரை அதன் மேல் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யாத சுவர் இல்லை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பின்சுவர் ஏற்கெனவே வயிறு தள்ளியிருந்தாலோ, மேட்டில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகச் சேற்றுநீர் கசிவு தெரிந்தாலோ சுவர் வேலையையே விட்டுவிடுங்கள். அது மேசனின் விஷயமல்ல, மண்சரிவு ஆபத்தைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்ல வேண்டியது.

"கதவளவுதானே வெட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். வெட்டிய இடத்துக்கு மேலே கற்கள் தாமாக வளைவு போல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சில காலம் நிற்கும். வெடிப்பு மெதுவாக, வாசலின் மூலையிலிருந்து சாய்வாக ஏறி வரும்.

சந்தேகம் இருந்தால் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரை வீட்டுக்கு வரவழையுங்கள், போட்டோ அனுப்பி முடிவு கேட்காதீர்கள். பிரதேச சபையிலும் விசாரியுங்கள். எடுக்கலாம் என்று அவர் சொன்னால், முட்டுக் கொடுத்த பிறகுதான் முதல் கல்லைக் கழற்ற வேண்டும். சுவருக்குப் பதிலாக வரும் பீமின் இரு முனையும் எதன் மேல் உட்காருகிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள். நுவரெலியாக் குளிரில் கொங்கிரீட் இறுகக் கூடுதல் நாள் எடுக்கும். தீபாவளி நெருங்கிவிட்டதென்று அந்த முட்டுகளை முன்கூட்டியே கழற்றாதீர்கள், பிள்ளைகள் அவற்றைச் சுற்றி நடந்துகொள்வார்கள்.