பட்டாளம் முடிந்த பிறகு: பினாங்கில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியப் படையில் பிரைவட்டாகச் சேர்ந்து படிப்படியாக ஏறுகிறவர் 21 ஆண்டு முடித்தால் பென்ஷனுக்குத் தகுதி பெறுகிறார். பதினெட்டு, பத்தொன்பதில் சேர்ந்திருந்தால் அப்போது வயது நாற்பதை ஒட்டி இருக்கும். மூத்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில், கடைக்குட்டி தமிழ்ப்பள்ளியில். ஊர் மட்டும் "ரிட்டயர்ட் ஆயிட்டாரு" என்று சொல்லி, கோயில் கமிட்டிக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடும். அவரும் அதை நம்பிவிடுகிறார். உழைக்க வேண்டிய வருடங்கள் இன்னும் இருபது மிச்சம் இருக்கின்றன என்பது, கையில் வந்த மொத்தப் பணம் பாதியாகக் கரைந்த பிறகுதான் உறைக்கிறது.

பட்டர்வொர்த், மாக் மண்டின், பிறை, சுங்கை ஆரா வட்டாரங்களில் இப்படி வெளியே வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியதில் எனக்கு ஒன்று பட்டது. முகாமில் சம்பளப் பிடித்தத்துக்கு ஓர் ஆபீஸ், வீட்டுக்கு ஓர் ஆபீஸ், உடம்புக்கு ஒரு மருத்துவர், லீவுக்கு ஒரு கிளார்க். ஆள் கையெழுத்து போட்டால் போதும். வெளியே அந்தக் கிளார்க்கின் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அது விழுந்ததே பலருக்குத் தெரிவதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான்.

21 ஆண்டைத் தொடும் முன்பே இறங்குவது

பதினான்காம் வருடத்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பன் கூப்பிடுகிறான். டாலர் கணக்கு இனிக்கிறது. ஆனால் பென்ஷன் இல்லாமல் வெளியேறினால் போவது மாதாமாதம் வரும் தொகை மட்டும் இல்லை. நாளைக்கு அவர் இல்லாமல் போனால் மனைவிக்கு வரக்கூடிய தொகையும் சேர்ந்து போகிறது. பென்ஷன் இல்லாத முன்னாள் வீரர்களின் கோரிக்கை இந்த நாட்டில் பல வருடமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. உடம்போ குடும்பமோ கட்டாயப்படுத்தினால் வேறு விஷயம். மேலதிகாரியோடு மனக்கசப்பு என்ற ஒரே காரணத்துக்காகக் கடிதம் கொடுக்கிறவர், 21 வரையிலான மிச்ச மாதங்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

கையில் வரும் மொத்தப் பணம்

முதல் சறுக்கல் தொகையைத் தப்பாகக் கணக்கிடுவது. சேவையில் இருக்கும்போது சம்பளத்தில் 10 விழுக்காடு படையினர் சேமநிதியான எல்டிஏடிக்குப் போகிறது, அரசு 15 விழுக்காடு போடுகிறது. ஸ்டேட்மெண்டில் இருக்கும் இரண்டையும் கூட்டி, அந்த எண்ணை வைத்து வீட்டுக்கு முன்பணம், அக்கா மகள் கல்யாணத்துக்குச் சீர் என்று மனசுக்குள் பிரித்துவிடுகிறார்கள். பென்ஷனோடு வருகிறவர் கைக்குக் கிடைப்பது அவர் கட்டிய பங்கும் அதற்குரிய டிவிடெண்டும்தான். அரசு போட்ட பங்கு பென்ஷன் செலவுக்காக அரசுப் பக்கமே திரும்பிவிடும். கணக்கை எல்டிஏடியிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு கனவு காணலாம்.

அடுத்தது நமக்குள்ளேயே நடப்பது. பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவுமோ, இரண்டு வாரத்துக்குள் மச்சான் லோரி வாங்கப் போகிறான், சித்தப்பா வீட்டுக் கூரை ஒழுகுகிறது. இவர்களைவிட ஆபத்தானவர் அதே யூனிட்டில் இருந்த பழைய கூட்டாளி. "அண்ணே, நானும் போட்டிருக்கேன், மாசம் எட்டு பெர்சன்ட் கரெக்டா ஏறுது, நம்ம ஆளுங்கதாண்ணே நடத்துறாங்க" என்பார். காட்டில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் சொன்னால் சந்தேகப்பட மனம் வராது; மோசடிக்காரர்களுக்கு அந்த நம்பிக்கைதான் முதல். பெரும்பாலும் அந்தக் கூட்டாளியே ஏமாந்தவராக இருப்பார், தன் பணத்தை மீட்க உங்கள் பணம் அவருக்குத் தேவைப்படும்.

80,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மாதம் எட்டு விழுக்காடு என்றால் 6,400 வெள்ளி. பதின்மூன்று மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அவ்வளவு லாபம் தருகிற தொழில் வைத்திருப்பவன் வங்கியில் கடன் வாங்குவானா, ஒரு கார்ப்பரலின் சேமிப்பைத் தேடி மாக் மண்டினுக்கு வருவானா? பங்கு பரிவர்த்தனை ஆணையமும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன, போலீசின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நல்ல கம்பெனி ஆகிவிடாது. நேற்று முளைத்தது இன்னும் பட்டியலுக்கு வந்திருக்காது. பணம் அனுப்பிவிட்டு உறுத்தினால் வெட்கப்படாமல் உடனே 997-க்கு அடியுங்கள். மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் எண் அது. நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

என் யோசனை சலிப்பூட்டக்கூடியது. முதல் ஒரு வருடம் அந்தப் பணத்தை ஒன்றும் செய்யாதீர்கள். வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம் காப்பு உண்டு. அமானா சஹாம் மலேசியா யூனிட் முதலீட்டு நிதிகள் எல்லா மலேசியர்களுக்கும் திறந்தவை, யூனிட் கிடைக்கிறபோது வாங்கலாம். வட்டி அதிகமுள்ள தனிநபர் கடன் இருந்தால் அதை மட்டும் முதலில் அடைத்துவிடுங்கள். சம்பளத்தில் தானாகப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டுறவுக் கடனோ அரசு வீட்டுக் கடனோ இருந்தால், இனி எந்த வழியில் கட்டுவது என்பதை வெளியே வரும் முன் பேசி முடித்துவிடுங்கள். சம்பளம் நின்றாலும் கடன் நிற்காது. கடன் சிக்கிக்கொண்டால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்லும். உறவுக்காரர்களிடம் "எஃப்டியில பூட்டியாச்சு" என்று சொல்ல ஒரு வசதியும் கிடைக்கும்.

கடை போடுகிற ஆசை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஆரம்பித்து ரோட்டி சானாய் கடை வரை எல்லாருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. கம்பெனி ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு எளிது. சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. தீவில் எம்பிபிபி, இக்கரையான பெருநிலப் பக்கம் எம்பிஎஸ்பி என்ற மாநகராட்சிகளின் லைசென்ஸ், டைஃபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி எல்லாம் இருக்கிறது. அரசுச் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் நேஷனல் இந்தியர்களுக்குத் தரும் ஸ்பூமி கடனுக்கும் மனுப் போடலாம். ஆனால் மூன்று மாதம் இன்னொருவர் கடையில் அதிகாலை மாவு பிசையும் வேலை பார்க்காமல் சொந்தப் பணத்தை இறக்காதீர்கள். மெஸ்ஸில் முந்நூறு பேருக்குச் சமைத்த அனுபவம் பெரிதுதான். அந்த முந்நூறு பேருக்கும் வேறு கடைக்குப் போக வழியில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தெரிந்த வேலைக்குத் தாள் இல்லாமல் வருவது

நம்மவர்கள் ரெஞ்சரிலும் பீரங்கிப் படையிலும் சிக்னலிலும் எஞ்சினியரிலும் இருந்திருக்கிறார்கள். 1988-இல் ஆஸ்திரேலியர்கள் ஒப்படைத்துவிட்டுப் போன பட்டர்வொர்த் தளத்தில் விமானம் பழுது பார்த்திருக்கிறார்கள். கை சுத்தமாகத் தொழில் தெரியும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலோ பத்து காவானிலோ மனிதவள அதிகாரி கேட்பது சான்றிதழ்த் தாளை.

விமானத் தொழில்நுட்பர்கள் இதில்தான் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள். போர் விமானத்தை இருபது வருடம் தொட்டவர், பயணிகள் விமானத்தைப் பழுதுபார்த்துக் கையெழுத்திட வேண்டுமானால் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் தரும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மாட்யூல் மாட்யூலாகத் தேர்வு எழுத வேண்டும். சீருடையில் இருக்கும்போதே, மாதச் சம்பளம் வரும்போதே, ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியவர் வெளியே வந்ததும் பேரம் பேசுகிறார். வெளியே வந்த பிறகு தொடங்குகிறவர் பிள்ளை ஸ்கூல் ஃபீஸுக்கும் தேர்வு ஃபீசுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

மற்றத் தொழில்களுக்கு வழி எளிது. வெல்டிங், மெக்கானிக், ஏர்கோன், எலெக்ட்ரிகல் என்று ஏற்கனவே செய்த வேலைக்கு எஸ்கேஎம் எனும் தேசியத் திறன் சான்றிதழ் வாங்க, மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிதி முறையில் வேலை ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டுக்கு உட்படலாம். ஆதாரம் என்றால் பழைய பயிற்சிச் சான்றுகள், பணிப் பதிவுகள், மேலதிகாரி கடிதம். இவை முகாமில் இருக்கும்போது ஒரு நாள் வேலை. பதவி விட்டு இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கையெழுத்துப் போட வேண்டிய மேஜர் சபாவுக்கு மாறியிருப்பார். எலெக்ட்ரீஷியன்கள் எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் சான்றிதழையும் குறி வைக்கலாம். ஃபேக்டரிகளில் அதற்கு மதிப்பு தனி. ஓட்டுநர்கள் இராணுவ லைசென்ஸைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் மாற்றிக்கொண்டு, சரக்கு வண்டி ஓட்டும் ஜிடிஎல் லைசென்ஸ் எடுத்துவிட்டு வெளியே வரட்டும்.

சுங்கை பூலோவில் தலைமையிடம் வைத்திருக்கும் படையினர் பயிற்சிக் கழகமான பெர்ஹெபாத், வெளியேறப்போகிறவர்களுக்கு மாற்றுப்பயிற்சி தருகிறது. எது வீட்டுக்குப் பக்கம், எதில் வகுப்பு சீக்கிரம் முடியும் என்று பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது நம்மிடம் உள்ள பழக்கம். பினாங்கில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

நேர்காணலைப் பற்றி ஒரு வார்த்தை. "என்ன வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்" என்பதைப் பணிவாக நினைத்துச் சொல்கிறோம். எதிரே இருக்கிறவர் காதில் "எனக்குக் குறிப்பாக ஒன்றும் தெரியாது" என்று விழுகிறது. சார்ஜன், ஸ்டாஃப் சார்ஜன் என்ற பதவிப் பெயர் அவருக்குப் புரியாது. எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள், எத்தனை வண்டியின் பராமரிப்பு உங்கள் பொறுப்பில் இருந்தது, ஸ்டோரில் சரக்கு எப்படிக் கணக்கில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். முகாமில் எல்லாம் மலாய். பாயான் லெப்பாஸில் கேள்வி ஆங்கிலத்தில் வரும். கல்லூரியில் படிக்கும் அண்ணன் பிள்ளையை உட்கார வைத்து நாலு நாள் பேசிப் பழகினால் குறைந்துபோக மாட்டோம்.

ஜாகா (காவலாளி) வேலையும் கிராப்பும்

முன்னாள் வீரர் என்றதும் செக்யூரிட்டி கம்பெனிகள் கையை நீட்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், வேறு வேலை தேடவும் தேர்வு எழுதவும் நேரமில்லாமல் போய், தற்காலிகம் என்று போனவர் பத்து வருடம் கேட்டிலேயே நிற்கிறார். அந்தத் துறையிலேயே போவதென்றால் துணைப் போலீஸ், சூப்பர்வைசர், கட்டுப்பாட்டு அறை என்று மேல்படியைக் கேளுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதைச் சட்டம் எல்லாருக்குமே தருகிறது. 21 வருட ஒழுங்குக்கும் அதே விலை சொன்னால் எழுந்து வரலாம்.

கிராப் வாடகைக் கார் ஓட்டுவதற்குப் பயணிகள் வாகன லைசென்ஸான பிஎஸ்வி எடுத்துக்கொண்டு, இருக்கிற காரை வைத்து ஓட்டுங்கள். ஒன்பது வருடக் கடனில் புதுக் கார் வாங்கி ஓட்டுவது, சம்பாதிப்பதைக் கார் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

வேலை கிடைத்ததும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். இபிஎஃப்பில் ஊழியர் பங்கு 11 விழுக்காடு, சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் முதலாளி பங்கு 13. "பென்ஷன் வருதே, உங்களுக்கு எதுக்கு அங்கள்" என்று சொல்கிற சின்னக் கம்பெனிகள் உண்டு. அந்த 13 உங்கள் சம்பளத்தின் பகுதி. மூன்றாம் மாதமே இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

குவார்ட்டர்ஸ், காது, முழங்கால்

படை கொடுத்த குடும்ப வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தேதி நெருங்கும்வரை வீடு பார்ப்பதில்லை. பிறகு அவசரத்தில் தீவுப் பக்கம் கட்டுப்படியாகாத வாடகைக்குப் போகிறார்கள். இக்கரையில் வாடகை இறங்கும். பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019-லிருந்து டோல் கிடையாது. பாயான் லெப்பாஸில் வேலை என்றாலும் பட்டர்வொர்த்தில் குடியிருக்க முடியும், மழைக்கோட்டு ஒன்று நல்லதாக வாங்கிக்கொண்டால்.

கடைசி மருத்துவப் பரிசோதனையில் "எல்லாம் நல்லாருக்கு டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்துவது இன்னொரு தவறு. பீரங்கிச் சத்தத்திலும் ஜெட் இரைச்சலிலும் மந்தமான காது, பாராசூட்டில் இறங்கி உடைந்த முழங்கால், மூட்டை தூக்கி இறங்கிய இடுப்பு எல்லாம் சேவையில் இருக்கும்போதே ஏட்டில் ஏற வேண்டும். பணியால் வந்த பாதிப்பு என்று பதிவானால் ஊனப் பென்ஷனுக்கு மனுப் போட ஆதாரம் இருக்கும். பதிவே இல்லாத வலியை ஐம்பது வயதில் நிரூபிக்க முடியாமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் வீரர் விவகார இலாகாவான ஜேஎச்இவியில் பதிந்து வெட்ரன் அட்டையையும் எடுத்துவிடுங்கள். தூக்கம் வராமல், காரணம் இல்லாமல் கோபம் வந்து, மெஸ்ஸில் பழகிய பீர் தினசரியாகிவிட்டால் அதுவும் உடம்புக் கோளாறுதான். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம்.

வீட்டுக்குள் ரோல்கால்

இருபது வருடமாக வீட்டை நடத்தியது மனைவி. கெரிக் முகாமிலும் கூச்சிங் முகாமிலும் கணவர் இருந்தபோது காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போனதும், தண்ணீர் பில் கட்டியதும், பள்ளிக் கூட்டத்தில் உட்கார்ந்ததும் மனைவிதான். இப்போது திடீரென்று ஒருவர் காலை ஆறு மணிக்கு எல்லாரையும் எழுப்பி, ஷூ அலமாரியை வரிசைப்படுத்தச் சொல்கிறார். பிள்ளைகள் ஒரு வாரம் சிரிக்கும், பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும். "என்னங்க, நீங்க இல்லாதப்பவும் இந்த வீடு நடந்துச்சு" என்று அந்த அம்மா ஒருநாள் சொல்லும்வரை விடாதீர்கள். பள்ளிக்கு ஏற்றி இறக்குவது, சந்தைக்குப் போவது என்று ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நடத்துகிற விதத்தை அவரிடமே விடுங்கள். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் கூட்டத்தை ஒழுங்கு செய்ய உங்களைவிட யாரும் கிடைக்க மாட்டார்கள்; அதை அங்கே செய்யுங்கள்.

கல்யாணப் பதிவு

நம் சமூகத்தில் மட்டும் அதிகம் பார்க்கிற தவறு இது. கோயிலில் தாலி கட்டியாச்சு, ஊரே சாப்பிட்டாச்சு, பதிவை மட்டும் மறந்தாச்சு. 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவாக வேண்டும். சில கோயில்களில் துணைப் பதிவதிகாரி இருந்து அங்கேயே பதிந்துவிடுவார், சிலவற்றில் கிடையாது. கோயில் ரசீதையும் ஆல்பத்தையும் வைத்து மனைவி பென்ஷன் கேட்க முடியாது. தேசியப் பதிவிலாகாவான ஜேபிஎன் தந்த திருமணச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் சேவையில் இருக்கும்போதே பதிந்து, மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் சேவைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கேட்டு, எல்டிஏடி வாரிசுப் பெயர் இன்னும் கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயராகவே இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.