வீட்டுக்கல்வி: எந்த முறை என்று முடிவெடுக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க முடிவெடுத்தவர்கள் அடுத்த நாளே புத்தகப் பெட்டியை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முதல் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும்தான்.

படி 1: பதினான்கு நாள் குறிப்பு

பக்கத்துக்கு நான்கு கட்டம்: பிள்ளை என்ன செய்தது, யார் தொடங்கியது, எத்தனை நிமிடம், எதனால் நின்றது. செயலி வேண்டாம், நீங்கள் போனை எடுத்தால் பிள்ளையின் கண்ணும் அங்கேதான் போகும்.

பெரும்பாலோர் இடறுவது நான்காவது கட்டத்தில். "கணக்கு பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். அது உங்கள் தீர்ப்பு. "கழித்தல், அம்மா தொடங்கியது, 9 நிமிடம், கடன் வாங்கும் இடத்தில் எழுந்துபோனான்" என்று எழுதினால் வழி தெரியும்: பத்து, ஒன்று என்ற இடமதிப்பு பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளை அவிழ்த்து எண்ண வையுங்கள். "வாயால் சொன்னான், எழுதச் சொன்னதும் நின்றது" என்று திரும்பத் திரும்ப வந்தால் தடை பாடத்தில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது.

பள்ளியிலிருந்து இப்போதுதான் நிறுத்திய பிள்ளை முதல் சில வாரம் சும்மா கிடக்கும். அந்த நாட்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 2: நோட்டு என்ன சொல்கிறது?

ஒரே வேலையைக் கையால் திரும்பத் திரும்பச் செய்தால் மாண்டிசோரி. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் முறை இங்கே புதிதல்ல. விலையுயர்ந்த சாமான் தொகுப்பு தேவையில்லை. பயறு பிரிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அந்த முறையின் பயிற்சிகள்தான்.

கதை கேட்டு, திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் முறை. ஒருமுறை வாசியுங்கள், பிள்ளை தன் சொல்லில் சொல்லட்டும், 15–20 நிமிடத்தில் முடியுங்கள். நடுவில் கேள்வி கேட்டால் சொல்லும் ஓட்டம் அறுந்துவிடும்.

"அடுத்து என்ன?" என்று கேட்கும் பிள்ளைக்கு நேர அட்டவணையும் சமச்சீர் புத்தகங்களும் போதும், அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடக்க வகுப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தாராளம். பள்ளியின் ஆறு மணி நேரத்தை வீட்டில் நடத்தப் பார்த்தால் இருவரும் களைத்துப்போவீர்கள்.

தானே தொடங்கிய வேலையில் நாள்கணக்காக மூழ்கினால், அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் சொன்ன பாடத்திட்டமில்லாக் கற்றல். பெற்றோருக்கு வேலை அதிகம் இதில்தான்: நூலகம், பொருள்கள், விஷயம் தெரிந்த ஆட்கள் என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த முறையானாலும் கணக்கை மட்டும் தினமும் 20 நிமிடம் வரிசை மாறாமல் நடத்துங்கள். விட்ட படி மூன்று மாதம் கழித்துத்தான் தலைகாட்டும்.

படி 3: இரண்டு பாடம், ஆறு வாரம்

எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி ஐந்து நாள் குறிப்பெடுத்து, நிமிடங்களை ஒப்பிடுங்கள்.

தேர்வு, சட்டம்

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. 14 வயதுக்குள் பள்ளிக்குத் திரும்பினால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 4ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்.ஐ.ஓ.எஸ். (மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி): 14 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். பாடங்களைப் பிரித்தும் எழுதலாம். வாய்மொழியாகவே படித்து வளர்ந்த பிள்ளைக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதும் பழக்கம் இருக்காது. பன்னிரண்டு வயதிலேயே வாரம் இருமுறை 20 நிமிடம் எழுத வைத்து, மாதம் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள்.